வேலைத் திட்டம் பலன் தந்ததா? எந்த முறையில் கண்டுபிடிப்பது

வேலையில்லாதவர்களுக்கு ஆறு மாதத் தொழிற்பயிற்சி தரும் ஒரு திட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேர் சேர்ந்தார்கள். முடித்து ஓராண்டு கழித்துக் கணக்கெடுத்தால் 600 பேர் வேலையில் இருக்கிறார்கள். அறிக்கையில் '60 சதவீத வெற்றி' என்று போட்டுவிடலாம். பெரும்பாலும் அப்படித்தான் போடுகிறார்கள். ஆனால் அந்த ஆயிரம் பேரும் பயிற்சிப் பக்கமே வராமல் இருந்திருந்தால் எத்தனை பேருக்கு வேலை கிடைத்திருக்கும்? 580 என்றால் திட்டத்தின் பலன் வெறும் 20 பேர். 630 என்றால் திட்டம் உதவவில்லை, 30 பேருக்குக் கெடுதல்தான் செய்திருக்கிறது. அந்த இரண்டாவது எண்ணை யாராலும் நேரில் எண்ணிப் பார்க்க முடியாது. அதை எப்படி ஊகிப்பது என்பதில்தான் மதிப்பீட்டு முறைகள் பிரிகின்றன.

திட்டத்தை நடத்துபவருக்கும் அதற்குப் பணம் தருபவருக்கும் முன்னால் இருக்கும் வழிகள் இவை: சேர்ந்தவர்களின் முந்தைய நிலையையும் பிந்தைய நிலையையும் ஒப்பிடலாம். சேராதவர்களோடு ஒப்பிடலாம். அதையே கொஞ்சம் கவனமாக, ஒத்த ஆட்களைத் தேடி இணை சேர்த்து ஒப்பிடலாம். குலுக்கல் போடலாம். கட்டம் கட்டமாகத் தொடங்கலாம். சேர்க்கைக்கு வைத்த வயது, மதிப்பெண் போன்ற கட்-ஆஃப் கோட்டின் இருபுறமும் இருப்பவர்களைப் பார்க்கலாம். இவற்றில் எது சரி என்பதைத் தீர்மானிப்பது புள்ளியியல் அல்ல, ஆள் சேர்த்த விதம் என்பது என் கட்சி. யாரை உள்ளே விட்டோம், யாரை வெளியே நிறுத்தினோம், எதை வைத்து அப்படிச் செய்தோம் என்பதற்குள்ளேயே மதிப்பீடு அடங்கியிருக்கிறது. ஆகவே விண்ணப்பப் படிவம் அச்சாகும் முன்பே இந்த முடிவை எடுத்தாக வேண்டும்.

முன்னே, பின்னே

மலிவான வழி இதுதான். சேரும்போது மாத வருமானம் இவ்வளவு, முடித்தபின் இவ்வளவு, கூடியது திட்டத்தின் பலன். இதில் என்ன கோளாறு என்பதைப் பொருளியலாளர் ஓர்லி ஆஷன்ஃபெல்ட்டர் 1978இலேயே காட்டிவிட்டார். அமெரிக்க அரசின் பயிற்சித் திட்டத்தில் 1964இல் சேர்ந்தவர்களின் பழைய வருமானப் பதிவுகளை அவர் எடுத்துப் பார்த்தார். பயிற்சிக்கு வருவதற்குச் சற்று முன்னால் அவர்கள் வருமானம் சட்டென்று சரிந்திருந்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வேலை போனதால்தானே பயிற்சிக்கே வருகிறார்கள்! வாழ்க்கையின் அடிமட்டத்தில் ஒருவரைப் பிடித்து அளந்தால், அடுத்த ஆண்டு அவர் பெரும்பாலும் அதைவிட மேலேதான் இருப்பார். பயிற்சி எடுத்தாலும் இருப்பார், எடுக்காவிட்டாலும் இருப்பார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

இந்த முறை அநேகமாக எல்லாத் திட்டத்துக்கும் நல்ல பெயர் வாங்கிக் கொடுக்கும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள் என்று நிர்வாகம் கண்காணிக்க இந்த எண்கள் வேண்டும், சரி. பலனைச் சொல்ல இவை உதவாது.

சேர்ந்தவரும் சேராதவரும்

அடுத்த யோசனை, அதே வயது, அதே படிப்பு உள்ள சேராதவர்களோடு ஒப்பிடுவது. இங்கே இடிப்பது வேறு ஒன்று. தானாக முன்வந்து சேருகிறவருக்கு உந்துதல் அதிகம். அவர் எப்படியும் வேலை தேடிக்கொள்வார். அப்படியானால் திட்டம் உள்ளதைவிட நல்லதாகத் தெரியும். மறுபக்கம், வேலைவாய்ப்பு அலுவலர் 'இவருக்கு வேறு வழியில்லை' என்று தள்ளிவிட்டவர்களே திட்டத்தில் நிறைந்திருந்தால் அது உள்ளதைவிட மோசமாகத் தெரியும். தவறு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுகூடத் தெரியாது என்பதுதான் இதில் கொடுமை.

எவ்வளவு தூரம் தவறலாம்? ராபர்ட் லாலோண்ட் 1986இல் அளந்து காட்டினார். 1970களின் நடுவில் அமெரிக்காவில் ஒரு திட்டம் நடந்தது. வேலை கிடைக்காமல் தவித்தவர்களுக்கு 9 முதல் 18 மாதங்கள் வரை உத்தரவாதமான வேலை. சிறு குழுக்களாக, மேற்பார்வையோடு. ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்திருந்ததால் உண்மையான பலன் தெரிந்திருந்தது: ஆண்களுக்கு 1978இல் ஆண்டு வருமானம் சுமார் 886 டாலர் கூடியது. லாலோண்ட் என்ன செய்தார் என்றால், குலுக்கலில் வெளியே நின்றவர்களை ஒதுக்கிவிட்டு, அவர்கள் இடத்தில் நாடு தழுவிய குடும்பக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்த ஆட்களை வைத்தார். வழக்கமான மதிப்பீட்டாளர் செய்வதும் அதுதான். நேரடியாக ஒப்பிட்டபோது வந்த விடை, திட்டத்தால் 15,000 டாலருக்கு மேல் *இழப்பு*! வயது, படிப்பு, பழைய வருமானம் என்று ஒவ்வொன்றாகச் சரிக்கட்டினால் விடை மாறிக்கொண்டே போனது. எந்த ஒப்பீட்டுக் குழு, எந்தச் சூத்திரம் என்பதைப் பொறுத்துக் கூட்டலும் வந்தது, கழித்தலும் வந்தது. சரியான விடையைக் கையில் வைத்துக்கொள்ளாத ஒருவர் இவற்றில் எதை நம்புவார்?

இதற்குப் பதிலாக வந்ததுதான் இணை சேர்க்கும் முறை. பழைய வருமானம், வேலையற்றிருந்த காலம், குடும்ப நிலை என எல்லாவற்றையும் ஒரே மதிப்பெண்ணாக்கி, ஒவ்வொரு பயனாளிக்கும் அதே மதிப்பெண் உள்ள வெளியாள் ஒருவரைத் தேடுவது. ராஜீவ் தெஹேஜியாவும் சதேக் வாபாவும் லாலோண்டின் அதே தரவில் ஒரு பகுதியை எடுத்து, இந்த முறை குலுக்கலின் விடைக்குப் பக்கத்தில் வருகிறது என்று 1999இல் காட்டினார்கள். துறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. 2005இல் ஜெஃப்ரி ஸ்மித்தும் பெட்ரா டாடும், எந்த ஆட்களைச் சேர்க்கிறோம், எந்த விவரங்களைச் சேர்க்கிறோம் என்பதைக் கொஞ்சம் மாற்றினாலே அந்த நெருக்கம் கலைந்துவிடுகிறது என்றார்கள்.

அதற்காக முறையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. இருதரப்புக்கும் ஒரே படிவத்தில் விவரம் எடுத்திருக்க வேண்டும். இருவரும் ஒரே வட்டார வேலைச் சந்தையில் இருக்க வேண்டும். பல ஆண்டு வருமான வரலாறு பதிவாகியிருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் ஓரளவு நம்பலாம். வரி, சமூகப் பாதுகாப்புப் பதிவுகள் மாதவாரியாகக் கிடைக்கும் நாடுகளில் இது நடக்கும். முறைசாரா வேலை அதிகமாக உள்ள இடங்களில் வருமான வரலாறு என்ற ஒன்றே பதிவில் இருக்காது. அங்கே இணை சேர்ப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு ஜோடி பார்ப்பதுதான்.

குலுக்கல்

இடம் 200, விண்ணப்பம் 520. யாரைச் சேர்ப்பது? 'முதலில் வந்தவருக்கு முதலிடம்' என்றால் செய்தி சீக்கிரம் எட்டியவர்களுக்கு லாபம். 'நேர்முகத்தில் தகுதி பார்ப்போம்' என்றால் எப்படியும் வேலை கிடைக்கக்கூடியவர்களை அலுவலர் பொறுக்கி எடுத்து வெற்றி விகிதத்தை உயர்த்திக்கொள்வார். தகுதியுள்ள 520 பேர் பெயரையும் போட்டுக் குலுக்கினால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. அதோடு உள்ளே போன 200 பேரும் வெளியே நின்ற 320 பேரும் சராசரியில் ஒரே மாதிரி ஆட்களாக இருப்பார்கள். உந்துதல், குடும்பச் சூழல் போன்ற அளக்க முடியாதவையும் இருபக்கமும் சமமாகிவிடும்.

'வேலையில்லாதவனை வைத்துச் சோதனையா?' என்ற ஆட்சேபம் உடனே எழும். இடம் குறைவாக இருக்கும்போது எப்படியும் யாரோ வெளியே நிற்கத்தான் போகிறார்கள். அதைத் தற்செயலுக்கு விடுவது அலுவலரின் விருப்பத்துக்கு விடுவதைவிட மோசமில்லை. எல்லோருக்கும் இடம் இருக்கும்போது வேண்டுமென்றே சிலரை நிறுத்தினால்தான் அந்தக் கேள்வி நியாயமானது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 1990களின் நடுவில் இதற்கு ஒரு நேர்த்தியான வழி அமைந்தது. நீண்ட நாள் வேலையின்றி இருக்க வாய்ப்புள்ளவர்களை மதிப்பெண் போட்டு, அதிக மதிப்பெண் உள்ளவர்களை முதலில் வேலை தேட உதவும் சேவைக்கு அழைத்தார்கள். கடைசி இடங்களுக்கு ஒரே மதிப்பெண்ணில் பலர் போட்டியிட்டால் அவர்களுக்குள் மட்டும் குலுக்கல். தேவை அதிகமானவருக்கு முன்னுரிமை என்ற விதியும் நின்றது, ஒப்பீட்டுக் குழுவும் கிடைத்தது.

அந்தக் குலுக்கல் சொன்ன செய்தியும் எதிர்பாராதது. அழைக்கப்பட்டவர்கள் வேலையின்மை உதவித்தொகை வாங்கிய காலம் சராசரியாக 2.2 வாரம் குறைந்தது. ஆனால் பலர் விலகியது சேவையைப் பெற்ற பிறகு இல்லை. 'கட்டாயம் வரவேண்டும்' என்ற கடிதம் கைக்கு வந்த சமயத்தில்! பயிற்சியாளர் வாயைத் திறக்கும் முன்பே பலனில் கணிசமான பகுதி நடந்து முடிந்திருந்தது. முடித்தவர்களை மட்டும் எண்ணும் அறிக்கையில் இவர்கள் 'இடைநின்றவர்கள்' என்ற கணக்கில் போயிருப்பார்கள்.

குலுக்கலிலும் தவறிழைக்க வழி இருக்கிறது. அமெரிக்காவில் 1987 முதல் 1989 வரை 16 இடங்களில் சுமார் 20,000 விண்ணப்பதாரர்களை வைத்து நடந்த பெரிய தொழிற்பயிற்சி ஆய்வில், இடம் கிடைத்தவர்களில் மூன்றில் ஒருவர் சேரவே இல்லை. வெளியே நின்றவர்களில் பலர் வேறெங்கோ பயிற்சி எடுத்துக்கொண்டார்கள். சேர்ந்து முடித்தவர்களை மட்டும் எடுத்து ஒப்பிட்டால் குலுக்கல் வீண். மறுபடி லாலோண்டின் குழிக்குள் விழ வேண்டியதுதான். இடம் *அளிக்கப்பட்ட* எல்லோரையும், வந்தாலும் வராவிட்டாலும், ஒரு பக்கம் வைத்தே கணக்குப் பார்க்க வேண்டும். இன்னொன்று, அந்த 16 இடங்களைப் பிடிக்க 200க்கும் மேற்பட்ட அலுவலகங்களைக் கேட்க வேண்டியிருந்தது. சம்மதித்தவை மற்றவற்றைப் போன்றவைதானா என்ற சந்தேகம் கடைசிவரை போகவில்லை. இருந்தும் அந்த ஆய்வுக்குச் செல்வாக்கு இருந்தது: பெரியவர்களுக்கு மிதமான வருமான உயர்வு, இளைஞர்களுக்கு ஒன்றுமில்லை என்று வந்ததும் இளைஞர் பிரிவின் நிதி பெருமளவு வெட்டப்பட்டது.

எண்ணிக்கை பற்றியும் பேசியாக வேண்டும். திட்டம் இல்லாமலே 40 சதவீதம் பேருக்கு வேலை கிடைக்கும் என்று கொள்வோம். அதை 50 ஆக்கும் ஒரு திட்டத்தின் பலனை, அது தற்செயல் அல்ல என்று வழக்கமான நம்பிக்கை அளவில் கண்டுபிடிக்க இருபக்கமும் தலா 385 பேர் போதும். 45 ஆக்கும் திட்டத்துக்குத் தலா 1,530 பேர் வேண்டும். 42 ஆக்கும் திட்டத்துக்குத் தலா 9,500 பேர். வளரும் நாடுகளில் நடந்த தொழிற்பயிற்சி ஆய்வுகளைத் திரட்டிய டேவிட் மெக்கென்சி 2017இல் கண்ட சராசரிப் பலன் கிட்டத்தட்ட அந்தக் கடைசி அளவுதான், சுமார் 2 சதவீதப் புள்ளி. நம்முடைய 200 இடத் திட்டத்தில் குலுக்கல் போட்டு 'பலன் இல்லை' என்று விடை வந்தால், அந்த அளவில் இருக்கும் பலன் கண்ணில் படாது என்றுதான் அதற்குப் பொருள். அப்படிப்பட்ட இடத்தில் பல ஆண்டுச் சேர்க்கைகளையோ பல மையங்களையோ சேர்த்துப் பார்க்க முடியுமானால் குலுக்குங்கள். முடியாதென்றால் பலனை அளக்கிறேன் என்று இறங்காமல், பயிற்சியில் என்ன நடக்கிறது என்பதைக் கூர்ந்து பதிவு செய்வதில் அந்தப் பணத்தைப் போடுவது நல்லது.

கட்டம் கட்டமாக, அல்லது கோடு போட்டு

எல்லோருக்கும் கொடுத்தே தீருவோம், ஆனால் ஒரே நாளில் முடியாது என்றால் வரிசையைக் குலுக்கலாம். ஆஸ்திரியாவின் மரியன்டால் இதற்கு அழகான உதாரணம். 1930 வாக்கில் அங்கிருந்த நெசவாலை மூடியபோது ஊரே வேலையிழந்தது. சமூக உளவியலாளர் மரீ யஹோடாவும் அவர் கூட்டாளிகளும் அங்கே செய்த ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. அதே ஊரில் 2020 அக்டோபரில் நீண்ட நாள் வேலையற்றோருக்கு வேலை உத்தரவாதம் தொடங்கியது. மொத்தமே 62 பேர். அவர்களை இணை இணையாகப் பிரித்து, இணைக்கு ஒருவரை முதல் சுற்றிலும் மற்றவரை சில மாதம் கழித்து இரண்டாம் சுற்றிலும் சேர்த்தார்கள். காத்திருந்தவர்கள் அந்த இடைவெளியில் ஒப்பீட்டுக் குழு. வருமானத்தோடு நிற்காமல் நாளின் ஒழுங்கு, ஊரில் கிடைக்கும் மதிப்பு, மன நலம் ஆகியவற்றையும் அளந்தார்கள். அவற்றில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது, உடல்நலத்தில் தெரியவில்லை. 62 பேரை வைத்து இது முடிந்ததற்குக் காரணம் பலன் பெரியதாக இருந்ததுதான்.

இதன் குறை வெளிப்படை. இரண்டாம் சுற்று தொடங்கியதும் ஒப்பீடு முடிந்துவிடும். மூன்றாண்டு கழித்து என்ன ஆனது என்பதை இந்த முறை சொல்லாது. 'நமக்கும் வரப்போகிறதே' என்று காத்திருப்பவர் வேலை தேடுவதை நிறுத்திவிட்டால் திட்டம் உள்ளதைவிட நல்லதாகவும் தெரியும்.

கட்-ஆஃப் முறைக்கு வயதோ மதிப்பெண்ணோ கறாரான கோடாக இருக்க வேண்டும். பிரிட்டனில் 1998இல் 18 முதல் 24 வயது வரையான, ஆறு மாதமாக உதவித்தொகை பெற்றவர்களுக்கு ஒரு கட்டாயத் திட்டம் வந்தது. சில பகுதிகளில் ஜனவரியிலும் நாடு முழுக்க ஏப்ரலிலும் தொடங்கியதால், 25 வயதைத் தாண்டியவர்களோடும் ஒப்பிடலாம், முந்திய பகுதிகளைப் பிந்திய பகுதிகளோடும் ஒப்பிடலாம். ரிச்சர்ட் புளுண்டெல் குழுவினர் இரண்டையும் செய்து பார்த்து, இளைஞர்கள் நான்கு மாதத்துக்குள் வேலைக்குப் போகும் வாய்ப்பு சுமார் 5 சதவீதப் புள்ளி கூடியதாகக் கண்டார்கள். கோட்டை அலுவலர்கள் வளைக்காத வரைக்கும் இந்த முறைக்கு யாரிடமும் சம்மதம் வாங்க வேண்டாம். விடை கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் பொருந்தும், அவ்வளவுதான்.

அடுத்தவர் வேலை

குலுக்கல் பிரியர்கள் பலர் தாண்டிப்போகும் இடம் இது. பயிற்சி பெற்றவருக்குக் கிடைத்த வேலை, பெறாத இன்னொருவருக்குப் போயிருக்கவேண்டியதாக இருந்தால்? ஒரே ஊரில் குலுக்கினால் இந்த நஷ்டம் ஒப்பீட்டுக் குழுவின் தலையில் விழும். பலன் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும்.

எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட குழு பிரான்சில் இதை நேராகச் சோதித்தது. முடிவு 2013இல் வெளியானது. ஆறு மாதத்துக்கு மேல் வேலையில்லாத படித்த இளைஞர்களுக்கு வேலை தேடுவதில் தீவிர வழிகாட்டல். 235 வட்டாரங்களை முதலில் குலுக்கினார்கள்: சிலவற்றில் யாருக்கும் கிடையாது, சிலவற்றில் தகுதியானவர்களில் கால்வாசிக்கு, பாதிக்கு, முக்கால்வாசிக்கு, எல்லோருக்கும். பிறகு வட்டாரத்துக்குள் ஆட்களைக் குலுக்கினார்கள். எட்டு மாதத்தில் வழிகாட்டல் பெற்றவர்கள் நிலையான வேலையில் முந்தியிருந்தார்கள். ஆனால் அதே வட்டாரத்தில் கிடைக்காதவர்கள், திட்டமே வராத வட்டாரத்தில் இருந்தவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். வேலைச் சந்தை மந்தமான இடங்களில் இது கூடுதல். ஓராண்டில் முந்தியவர்களின் முன்னிலையும் கரைந்துவிட்டது.

எப்போதும் இப்படித்தான் என்றும் இல்லை. ஆந்திரப் பிரதேசத்தில் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கூலியை ஸ்மார்ட் கார்டு வழியாகக் கொடுப்பதை 157 மண்டலங்களைக் குலுக்கிச் சோதித்தார்கள் கார்த்திக் முரளிதரன் குழுவினர். ஏழைக் குடும்பங்களின் வருமானம் கூடியது. அதில் பெரும்பகுதி திட்டக் கூலியாக வந்ததல்ல, வெளிச்சந்தையில் கூலி உயர்ந்து வந்தது. திட்டத்தில் வேலை பார்த்தவரை மட்டும் அளந்திருந்தால் இந்தப் பலன் கண்ணில் பட்டே இருக்காது. ஆக, வட்டாரத்தில் வேலை தேடுபவர்களில் ஒரு சிறு துளியைத்தான் திட்டம் தொடுகிறது என்றால் ஆட்களைக் குலுக்கினால் போதும். கணிசமான பங்கைத் தொடுகிறது என்றால் வட்டாரங்களையே குலுக்க வேண்டும். செலவு பல மடங்கு, வேறு வழியில்லை.

எப்போது அளப்பது

முறை சரியாக இருந்தும் தேதி தப்பினால் விடை தலைகீழாகும். பயிற்சியில் இருக்கும் ஆறு மாதமும் ஆள் வேலை தேடமாட்டார். முடித்த கையோடு அளந்தால் பயிற்சி தோற்றதாகத்தான் தெரியும். அமெரிக்காவில் 16 முதல் 24 வயதினருக்கான உறைவிடப் பயிற்சித் திட்டத்தில் முதல் இரண்டு ஆண்டு சேர்ந்தவர்கள் வருமானத்தில் பின்தங்கி, மூன்றாம் ஆண்டிலிருந்து முந்தினார்கள். நான்காம் ஆண்டோடு கணக்கை முடித்திருந்தால் முழு வெற்றி. வரிப் பதிவுகளைத் தொடர்ந்து பார்த்தபோது 20 முதல் 24 வயதில் சேர்ந்தவர்களிடம் மட்டுமே பலன் நிலைத்தது.

கூலி மானியத்தில் கதை நேர் எதிர். ஜோர்டானில் கல்லூரி முடித்த பெண்களுக்குக் கூலி வவுச்சர் (வேலைக்கு எடுப்பவரின் கூலிச் செலவை ஈடுகட்டும் சீட்டு) கொடுத்தபோது, வவுச்சர் செல்லும் காலத்தில் வேலையில் இருப்பவர் விகிதம் சுமார் 40 சதவீதப் புள்ளி எகிறியது. காலம் முடிந்து நான்கு மாதத்தில் பெரும்பாலும் இறங்கிவிட்டது. டேவிட் கார்ட், யோஹன் குளூவே, ஆந்த்ரியா வெபர் மூவரும் 200க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி 2018இல் வெளியிட்ட கட்டுரையும், அளக்கும் தேதியைப் பொறுத்து விடை மாறுவதைப் பெரிய அளவில் காட்டுகிறது: சராசரியாக முதல் ஆண்டில் பலன் பூஜ்யத்துக்குப் பக்கம், இரண்டு மூன்று ஆண்டில் ஏறுகிறது, பயிற்சித் திட்டங்களில் அந்த ஏற்றம் அதிகம். வேலை தேட உதவுவது சீக்கிரம் பலிக்கும், ஆனால் வளராது. அரசே வேலை கொடுக்கும் திட்டங்களுக்குப் பிந்தைய பலன் மிகக் குறைவு. இப்படி வேறுபடும் வகைகளை ஒரே தேதியில் அளந்து 'எது மேல்' என்று கேட்டால், தேதியைத் தேர்ந்தெடுத்தவரே வெற்றியாளரையும் தேர்ந்தெடுத்துவிட்டார்.

ஆகவே என் வரிசை இப்படி. விண்ணப்பம் இடத்தைவிட அதிகம், ஆட்களும் ஆயிரக்கணக்கில் என்றால் குலுக்கல். மூன்றாண்டாவது பின்தொடரப் பணம் ஒதுக்கிவிட்டு. எல்லோருக்கும் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் வரிசையைக் குலுக்குங்கள். விதியில் கறாரான கோடு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். திட்டம் பெரியது என்றால் வட்டாரங்கள். இணை சேர்ப்பது, பதிவுகள் நன்றாக இருக்கும் இடத்தில் மட்டும்.

திட்டம் ஏற்கெனவே முடிந்துவிட்டது, இப்போதுதான் மதிப்பீடு கேட்கிறார்கள் என்றால்? அதுதான் அடிக்கடி நடக்கிறது. முதலில் தேடவேண்டியது விண்ணப்பித்து இடம் கிடைக்காதவர்களின் பட்டியல். அவர்களும் சேர விரும்பியவர்கள். கணக்கெடுப்பில் இருக்கும் யாரோ ஒருவரைவிடப் பயனாளிகளுக்கு நெருக்கமானவர்கள். ஏன் கிடைக்கவில்லை என்ற காரணமும் எதிரே எழுதியிருந்தால், 'இடம் நிரம்பிவிட்டது' என்று திரும்பியவர்களைத் தனியாகப் பிரித்து ஒப்பிடலாம். 'நேர்முகத்தில் தேறவில்லை' என்பவர்களைச் சேர்க்கக் கூடாது. பல அலுவலகங்களில் சேர்ந்தவர்களின் கோப்பைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, நிராகரித்த விண்ணப்பங்களை ஆண்டு முடிவில் கழித்துவிடுகிறார்கள். புதிய திட்டம் எதையும் தொடங்கும் முன் அந்த ஒரு வழக்கத்தை நிறுத்தச் சொல்லி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். செலவு ஓர் அலமாரிதான்.